ஈரப்பாறையும் அடுப்புக்கரியும்

ஸ்ரெனியானின் என்ற ஊரில் யாராவது வீட்டுச் சுவருக்குக் கறுத்த நிறம் பூச ஆசைப்பட்டால் ரதோய்காவைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளையடிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வெள்ளையில் தப்புச் செய்தாலும் பெரிதாகத் தெரியாது. கறுத்த சாம்பல் நிறம் அப்படியா? ரோலர் எங்கே நின்றது, பிரஷ் எங்கே திரும்பியது, பெயிண்டர் எங்கே சிகரெட் பிடிக்கப் போனான் என்பதுவரை காட்டிக்கொடுத்துவிடும். அதைவிடப் பெரிய தலைவலி, எந்தக் கறுப்பு என்று முடிவு செய்வது. கடையில் அட்டையில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். சுவரில் ஏறிய பிறகு ஒன்று நீலம் காட்டும், ஒன்று பழுப்புக் காட்டும், இன்னொன்று சாயங்காலமானால் பச்சையாகப் பல்லிளிக்கும். சுவரில் இரண்டு நிறத்தைச் சதுரம் சதுரமாகப் பூசிப் பார்த்துவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அதற்கு முன்னால் நின்று குடுமிப்பிடிச் சண்டை போடுவார்கள். ரதோய்கா வருவாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரே ஒரு பார்வை பார்ப்பாள்.

"இது வடக்குப் பாத்த ரூம். இடது பக்கத்துது வேண்டாம், பிணத்தோட நகம் மாதிரி நீலம் பாரிச்சுப் போகும். வலது பக்கத்துதை அடிச்சுக்கோங்க."

அதோடு பேச்சு முடிந்தது. எதிர்த்துப் பேச யாருக்குத் துணிச்சல்?

அந்தக் கண் அவளுக்கு வானத்திலிருந்து விழுந்ததில்லை. பத்தொன்பது வயதில் ஊரின் பெயிண்ட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். டப்பாவுக்கு மூடி போடத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் வரிசையில் வந்த டப்பாவைப் பார்த்து, "இது நேத்து வந்த சாம்பல் இல்லையே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கலவைக் கணக்கை எடுத்துப் பார்த்தால், யாரோ ஒரு கரண்டி பழுப்பை அதிகமாகக் கொட்டியிருந்தான். மறுநாளே அவளைக் கொண்டுபோய்ச் சோதனைச்சாலையின் வடக்கு ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். பதினெட்டு வருடம் அங்கேயே உட்கார்ந்து, நேற்றைய கறுப்பையும் இன்றைய கறுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடினார்கள். எல்லோரும் ஒப்பாரி வைத்தபோது அவள் ஒரு ஏணியும் இரண்டு ரோலரும் வாங்கினாள். அவ்வளவுதான், உட்கார்ந்து அழுகிற ரகமில்லை அவள்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போன பேருந்தின் ஓட்டுநர்தான் திஹோமிர். ஒரு நாள், ஒரு காலில் கறுப்பு சாக்ஸும் இன்னொரு காலில் கருநீல சாக்ஸும் போட்டுக்கொண்டு வந்து நின்றான். அவள் பேருந்தில் ஏறும்போதே, "ஓட்டுநரே, காலைப் பாருங்க" என்றாள். அவன் குனிந்து பார்த்தான். "ரெண்டும் கறுப்புதானே?" என்றான். பேருந்தே சிரித்தது. அடுத்த வருடம் கல்யாணம்.

முப்பத்துநான்கு வருடமாக அவனுக்கு அது ஒன்றுதான் பாட்டு. விருந்தாளிகள் வந்து முதல் கோப்பை பிளம் சாராயம் உள்ளே போனால் போதும், தொடங்கிவிடுவான். "என் பொண்டாட்டிக்கு நாப்பது விதமான கறுப்பு தெரியும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும், அது என் தலையெழுத்து." சுவரில் அவள் எதைக் காட்டினாலும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான்!" என்பான். அவள் துணியை எடுத்து அவன் மேல் வீசுவாள். அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி இப்படித்தான் நடந்தன. பாதி சமாதானமும் இப்படித்தான்.

இனி, ஊருக்குத் தெரியாத சங்கதிக்கு வருகிறேன். ரதோய்காவின் கண் போய்விட்டிருந்தது. குருடாகிவிட்டாள் என்று சொல்லவில்லை. தெருவில் நடப்பாள், செய்தித்தாள் படிப்பாள். ஆனால் இரண்டு குளிர்காலமாகவே கண்ணுக்குள் பழைய சமையலறைக் கண்ணாடிபோல ஒரு மங்கல். வெள்ளையும் மஞ்சளும் எப்படியோ சமாளித்துக்கொண்டன. கறுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. டாக்டரிடம் போகவில்லை. ஊர் டாக்டரிடம் போனால் வரவேற்பறையில் பத்துப்பேர் பார்ப்பார்கள், பத்துப்பேரும் கேட்பார்கள். கண் போன ரதோய்காவைக் கறுத்த சுவர் பூச யார் கூப்பிடுவார்கள்? அதனால் நடித்தாள். டப்பாவின் மூடியில் ஆணியால் கீறி அடையாளம் வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "உனக்கு எது மனசுக்குப் படுது, முதல்ல அதைச் சொல்லு" என்று வீட்டுக்காரியின் வாயைக் கிளறுவாள்; அவள் சொன்னதையே நல்ல குரலில் திருப்பிச் சொல்லுவாள். திஹோமிரிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எத்தனை முறை வாய்வரை வந்தது! ஆனால் முப்பத்துநான்கு வருடம் அவன் கிண்டல் செய்த ஒரே பெருமை அது. அதையும் இழந்துவிட்டு அவன் முன்னால் எப்படி நிற்பது என்று வெட்கம்.

செப்டம்பரில் திஹோமிரை நுரையீரல் நோயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி செய்ய ஒன்றுமில்லை என்பதை யாரும் சொல்லவில்லை. இரும்புக் கட்டில் ஒன்றை இரவலாகக் கொடுத்தார்கள், அதிலேயே புரிந்துவிட்டது. கட்டிலைப் படுக்கையறைச் சுவரோடு ஒட்டிப் போட்டார்கள். இரண்டாம் நாளே அவன் முனகினான்.

"ரதோ, இந்த வெள்ளைச் சுவர் என்னைத் தூங்கவிடமாட்டேங்குது. இன்னும் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கிற மாதிரி இருக்கு. ஊருக்கெல்லாம் இருட்டா அடிச்சுக் குடுத்தியே, எனக்கும் ஒண்ணு அடிச்சுக் குடேன்."

அவள் கடைக்குப் போய் இரண்டு டப்பாக்களோடு வந்தாள். ஒன்றின் பெயர் ஈரப்பாறை, மற்றதன் பெயர் அடுப்புக்கரி. பெயர் கடைக்காரன் வைப்பது, அதில் என்ன இருக்கிறது? ஒரு நிறம் ஓர் அறைக்குள் வந்து என்னவாகும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில், அவன் தலையைத் திருப்பினால் தெரியும் உயரத்தில், செய்தித்தாள் அகலத்துக்கு இரண்டு சதுரங்கள் பூசினாள். இடதில் ஈரப்பாறை, வலதில் அடுப்புக்கரி. எட்டி நின்று பார்த்தாள். கிட்டே போய்ப் பார்த்தாள். சுவரில் இரண்டு கறுத்த சதுரங்கள் இருந்தன, அவ்வளவுதான். இரண்டில் ஒன்று பிணத்து நீலம் காட்டுகிற வகையாக இருக்கலாம். சாகப் போகிறவனைச் சுற்றி நான்கு பக்கமும் அதைப் பூசிவைத்துவிட்டால்? 

"திஹோ, ஊர்க்காரங்களுக்கெல்லாம் நான் சொல்றேன். இந்த ரூமுக்கு நீ சொல்லு. எது?"

அவன் பார்த்தான். வழக்கம்போல ரெண்டும் ஒண்ணுதான் என்பான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

"அவசரப்படாதே. இன்னும் வெளிச்சம் சரியா வரல" என்றான்.

மறுநாள் கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன்." அதற்கு மறுநாளும் நாளைக்கு. ஏழு வாரம் நாளைக்கு, நாளைக்கு என்றே போயிற்று. வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, திரும்பி வந்து ஒரு தடவை கேட்பாள். கேட்டுவிட்டு, அவன் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்குக் கண்டிப்பாச் சொல்றேன், போ" என்றான். சனிக்கிழமை காலை அவள் காப்பி கலந்து எடுத்துக்கொண்டு போவதற்குள் போய்விட்டான்.

லின்ஸ் நகரத்திலிருந்து மகன் வந்தான், புதைத்தான், அழுதான், "அம்மா, என்னோட வந்துடு" என்றான், திரும்பிப் போனான். ரதோய்கா கண்ணாடிகளைத் துணியால் மூடினாள். ஜன்னலோரம் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு துண்டும் வைத்தாள். நாற்பது நாள் செத்தவன் வீட்டை விட்டுப் போகமாட்டான். தாகம் எடுக்கும், முகம் துடைக்கவும் வேண்டும். அந்த நாற்பது நாளும் அறையைப் பெருக்கக்கூடாது, கட்டிலை நகர்த்தக்கூடாது, சுவரில் கை வைக்கக்கூடாது. அவள் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்தான். இருந்தாலும் எல்லாவற்றையும் செய்தாள். செய்யாமல் இருந்து பார்க்கத் தைரியமில்லை.

சமையலறைச் சோபாவில் படுத்துக்கொண்டாள். பகலில் அந்த அறையைத் தாண்டித்தான் குளியலறைக்குப் போக வேண்டும். தாண்டும்போதெல்லாம், யாரோ சுவரில் இரண்டு கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டதுபோல அந்த இரண்டு சதுரங்களும் நிற்கும். ஒரு நாள் இடது ஆழமாகத் தெரியும், ஒரு நாள் வலது. மத்தியானம் மூன்று மணிக்கு, அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் சூடேறி, டொக் டொக் என்று சத்தம் கொடுக்கும். நோயில் கிடந்தபோது, அவள் வேலை முடிந்து வந்திருக்கும் அந்த நேரத்துக்குத்தான் அவன் கரண்டியால் குழாயைத் தட்டி அவளைக் கூப்பிடுவான். குழாய்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் தானாக அந்தப் பக்கம் போய்விடும். வாசலில் நின்று, "என்ன திஹோ?" என்று கேட்டுவிடுவாள். கேட்டபிறகு தன் குரலைக் கேட்டே உடம்பெல்லாம் சிலிர்க்கும்.

நாற்பதாம் நாள் பூசை ஒரு சனிக்கிழமை நடந்தது. கல்லறையில் பாதிரியார் ஓதினார், மெழுகுவர்த்தி எரிந்தது, கோதுமையை வேகவைத்துச் சர்க்கரையும் அக்ரூட் பொடியும் கலந்து எல்லோருக்கும் கொடுத்தாள். மண்ணில் கொஞ்சம் சாராயம் ஊற்றினாள். "நாப்பது முடிஞ்சுது, இனி மனசைத் தேத்திக்கோ" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துச் சொன்னார்கள். சரி, முடிந்தது என்று அவளும் நினைத்தாள். வீட்டுக்கு வந்து தண்ணீரைக் கொட்டினாள், துண்டைத் துவைத்தாள். திங்கட்கிழமை காலை வேலை உடுப்பை மாட்டிக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தாள். அந்தச் சதுரங்களை இனி ஒரு நாள்கூடப் பார்க்க முடியாது. எதையாவது ஒன்றைப் பூசி, தன் அறையில் தான் படுக்க வேண்டும்.

கட்டிலை ஒரு முழம் தள்ளினாள். வழக்கமாகச் சோடா கலந்த தண்ணீரால் சுவரைக் கழுவிவிட்டுத்தான் பெயிண்டைத் தொடுவாள். வாளியும் ஸ்பாஞ்சும் கொண்டுவந்தாள். கட்டிலோரச் சுவருக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. ஏழு வாரம் அவன் மூச்சுப் பட்ட இடம். எப்படித் துடைப்பது? வாளியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள். தன் தொழிலில் கழுவாத சுவரில் அவள் ரோலரை வைத்தது அன்று ஒரு நாள்தான்.

எந்த டப்பா? கதவுப் பக்கம் கிடந்ததைத் திறந்தாள். மூடியில் ஒரு கீறல்: ஈரப்பாறை. அதுதான் தேர்வு! ஊருக்கே நிறம் சொன்னவள் சொந்தப் புருஷனுக்குக் கைக்கு எட்டியதை எடுத்தாள். தன்னைத்தானே திட்டிக்கொண்டு முதல் கோட் அடித்தாள், காயவிட்டு இரண்டாவது அடித்தாள். குழாய் டொக் என்றபோது ஜன்னல் வழியாக மூன்று மணி வெயில் சுவரைத் தடவிக்கொண்டு சாய்வாக விழுந்தது.

சுவரில் ஒரு கை இருந்தது.

ஐந்து விரலும் உள்ளங்கையுமாக, படுத்திருக்கிற ஆளின் கை எட்டும் உயரத்தில். சுற்றிலும் பளபளப்பே இல்லாத கறுப்பு. கை மட்டும் ஈரம்போல மினுங்கியது. அதன் பக்கத்தில் இன்னொன்று. அதற்கு மேலே விரல்கள் மட்டும். நிறங்கள் மங்கிப்போன அவள் கண்ணுக்கும் மினுக்கம் தெரிந்தது. பேயறைந்தவளைப்போல ரோலரோடு நின்றாள். பெயிண்ட் சொட்டிக் காலணியில் விழுந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளுக்குள்ளிருந்த பெயிண்டர் வாயைத் திறந்தாள். பிசுக்கு. நெஞ்சில் தேய்த்துக்கொள்ளக் கற்பூரக் களிம்பு வைத்திருந்தான் அல்லவா? களிம்புக் கையால் சுவரைத் தொட்டிருக்கிறான். பிசுக்கின்மேல் பெயிண்ட் பிடிக்காது, மினுங்கும். இதைப் படிக்காத பெயிண்டர்கூடச் சொல்லுவான். அப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது கீழ் மாடி தரின்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தாள். எழுபது வயது, கையில் பூசணிப் பணியாரத் தட்டு. பெயிண்ட் வாசனையில் மூக்கைச் சுளித்தாள்.

"அடியே, உன்னை யாரு இப்பவே அடிக்கச் சொன்னா?"

"நாப்பது முடிஞ்சுதே அக்கா. சனிக்கிழமை நீயும்தானே வந்து ரெண்டு தட்டுக் கோதுமை சாப்பிட்டே."

"சாப்பிட்டா? பூசையை முன்னாடி வர்ற சனிக்கிழமைக்கு இழுத்து வைக்கிறது பாதிரியாரோட சௌகரியம். செத்தவனுக்கு யாரு போய்ச் சொன்னா? எண்ணு பாப்போம். அவன் போனது சனிக்கிழமை, அது ஒண்ணு." தரின்கா தட்டைக் கட்டிலில் வைத்துவிட்டு விரலை மடக்கினாள். வாரம் வாரமாக மடக்கிக்கொண்டே வந்தாள். "போன சனிக்கிழமையோட முப்பத்தாறு. இன்னிக்கு முப்பத்தெட்டு. புதன்கிழமைதான்டி நாப்பது! புதன்கிழமை சாயங்காலம் கோயில் மணி அடிக்கிறவரைக்கும் அவன் இங்கதான் இருப்பான்."

அப்போதுதான் அவள் சுவரைப் பார்த்தாள். முகம் வெளுத்தது. மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஐயோ கடவுளே! அவன் மேலயே பூசிட்டியேடி!"

"அது பிசுக்கு அக்கா. களிம்பு."

"களிம்பாம் களிம்பு! வெளியே வர்றதுக்குத் தட்டறான் பாரு. தண்ணியாவது வச்சிருக்கியா?"

ரதோய்கா ஜன்னலோரத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதையும் எடுத்துட்டியா? நல்லா இருக்கு போ!" பணியாரத்தை மறந்துவிட்டுத் தரின்கா படியிறங்கி ஓடினாள்.

அவள் போனபிறகு ரதோய்கா தம்ளரில் தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் திரும்ப வைத்தாள்.  பிசுக்கு என்று அவளுக்கு நூறு சதவீதம் தெரியும். ஆனால் தெரிந்து என்ன பிரயோசனம்? அறைக்குள் இன்னும் அவன் இருக்கிறான் என்றால், அவன் சொல்வதற்குள் அவளே ஒன்றைத் தூக்கிப் பூசிவிட்டாள். ஒருவேளை தப்பானதை. ஒருவேளை பிணத்து நீலத்தை.

செவ்வாய்க்கிழமை அடுத்த டப்பாவைத் திறந்தாள். இரண்டு கீறல்: அடுப்புக்கரி. ஈரப்பாறையின்மேல் அதைப் பூசினாள். பூசும்போதே மனசு சொன்னது: கழுவாமல் எத்தனை கோட் அடித்தாலும் நிற்காது. கழுவினால் நிற்கும். கழுவவில்லை. மூன்று மணி வெயிலில் கைகள் மறுபடி வந்தன. முந்தின நாளைவிட அதிகமாக இருப்பதுபோல இருந்தது. பயமாக இருந்தது அவளுக்கு. பயத்தைவிட அதிகமாகக் கோபம் வந்தது. எண்ணிப் பார்த்தாள். இடது சதுரம் இருந்த இடத்தில் எத்தனை, வலதில் எத்தனை? எது அதிகமோ அதைத்தான் கேட்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? இடதில் நான்கு. வலதில் நான்கு. நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் விரலை விரித்துக்கொண்டு.

"உயிரோட இருந்தப்பத்தான் சொல்லல! இப்பவாவது சொல்லித் தொலையேன்டா!" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள். "ஏழு வாரம் நாளைக்கு நாளைக்குன்னியே! எதுன்னு ஒரு வார்த்தை! ஒண்ணு சொல்லிட்டுப் போறதுக்கு என்ன கேடு உனக்கு?"

கீழே தரின்கா ரேடியோவை அணைத்தது கேட்டது. சுவர் சும்மா இருந்தது. ரதோய்கா ரோலரை வாளிக்குள் எறிந்துவிட்டு, சமையலறைக்குப் போய், முந்தின நாள் பணியாரத்தை நின்றபடியே தின்றாள். அழுதுகொண்டே தின்றாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு மிலுத்தின் வந்தான். திஹோமிரோடு முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன். நோயில் கிடந்தபோது நாள்தவறாமல் மத்தியானம் வந்து முகச்சவரம் செய்துவிட்டவனும் அவன்தான். தங்கமான மனிதன், ஆனால் வாய் மட்டும் பூட்டில்லாத கதவு. அவன் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் பேருந்து நிலையம் முழுக்கப் பரவிவிடும். இரவல் கட்டிலைக் கழற்றி ஆஸ்பத்திரிக்குத் திருப்பிக் கொடுக்க, கையில் ஸ்பேனரோடு வந்திருந்தான்.

"அண்ணி, காப்பியெல்லாம் அப்புறம். முதல்ல கட்டிலைப் பிரிச்சுடறேன்."

அறைக்குள் போனான். ஸ்பேனர் விழுகிற சத்தம் கேட்டது. ரதோய்கா ஓடிப்போய்ப் பார்த்தாள். மிலுத்தின் சுவருக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அறுபது வயது ஆள், உதடு பிதுங்கி அழுதான்.

"பயப்படாதே, பேயில்லே. களிம்புப் பிசுக்கு" என்றாள்.

"பேய்னு யாரு சொன்னா? அவன் கைன்னு எனக்குத் தெரியாதா? நான் பாத்துக்கிட்டேதானே இருந்தேன்."

"என்ன பாத்தே?"

மிலுத்தின் தொப்பியைச் சுருட்டினான். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான் அண்ணி."

"யாருகிட்டச் சொல்லக் கூடாதுன்னு?"

"உன்கிட்டத்தான்."

"மிலுத்தின், இன்னிக்கு மணியடிச்சா அவன் போயிடுவான். நீ இப்பச் சொல்லலேன்னா அந்த ஸ்பேனராலயே உன் மண்டையைப் பொளந்துடுவேன்."

மிலுத்தின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். பேசத் தொடங்கியதும் நிறுத்த முடியவில்லை.

"நீ வேலைக்குப் போனதும் நான் வருவேன்ல? சவரம் முடிஞ்சதும் விளக்கை எடுன்னுவான். இப்படிப் பிடி, அப்படிப் பிடின்னுவான். சுவத்துக்கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பாப்பான். 'உனக்கு வித்தியாசம் தெரியுதாடா?'ம்பான். எனக்கென்ன தெரியும்? ரெண்டும் கறுப்புன்னேன். 'எனக்கும் அப்படித்தான்டா தெரியுது'ன்னான். அப்புறம் கையை வச்சுத் தடவுவான். கண்ணுக்குத் தெரியாதது கைக்காவது தெரியுதான்னு பாக்கறேன்னுவான். மூச்சு வாங்கும் அவனுக்கு. விடமாட்டான். இதைத் தடவுவான், அதைத் தடவுவான்."

"எதையாவது ஒண்ணைச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நானும் அதைத்தான் சொன்னேன். குத்துமதிப்பா இடதுன்னு சொல்லிடுடா, யாருக்குத் தெரியப்போவுதுன்னு. அதுக்கு என்னை முறைச்சான். 'அவ ஏன்னு கேப்பா. இத்தனை வருஷம் எல்லாத்தையும் அவளே பாத்துச் சொன்னா. வாழ்க்கையிலே முதல் தடவை என்னைப் பாக்கச் சொல்லியிருக்கா. எப்பவும்போல ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லி அவளைக் கேலி பண்ணிட்டு நான் சாகணுமா?'ன்னான். கடைசி வெள்ளிக்கிழமைகூடத் தடவிப் பாத்தான் அண்ணி. நாளைக்குத் தெரிஞ்சிடும்டான்னான்."

ரதோய்கா ஜன்னலைப் பார்த்தாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. சாயங்கால மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"நீ போய்ச் சமையல்கட்டுல உக்காரு."

"கட்டில்?"

"உக்காருன்னேன்."

அவன் போனான். கதவைச் சாத்தட்டுமா என்று கையால் கேட்டான். அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். மாடிப்படியில் தரின்காவின் செருப்புச் சத்தமும் கேட்டது. நாற்பதாம் நாள் என்று மெழுகுவர்த்தியோடு வருகிறாள்போல. வரட்டும். ரதோய்கா மெத்தையில்லாத இரும்புக் கட்டிலில், அவன் தலைவைத்த பக்கம் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"திஹோ, எனக்கும் தெரியலடா."

 சுவருக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருஷமாத் தெரியல. கண்ணு போயிடுச்சு. ஊரை ஏமாத்தினேன், உன்னையும் ஏமாத்தினேன். உன்னைச் சோதிக்கக் கேக்கலடா, எனக்குத் தெரியாமத்தான் கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்னு நீ எப்பவும் சொல்றதை அன்னிக்கு ஒரு தடவை சொல்லியிருந்தா, ஆமாடா, எனக்கும் அப்படித்தான் தெரியுதுன்னு சொல்லிட்டு உன் பக்கத்துல உக்காந்து அழுதிருப்பேன். அதைச் சொல்லமாட்டியான்னுதான் ஏழு வாரமும் உன் வாயையே பாத்துக்கிட்டு இருந்தேன்."

சமையலறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வாசலில் தரின்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சா?" என்று சுவரிடம் கேட்டாள் ரதோய்கா.

 பிறகு முதலிலிருந்து, இந்தமுறை இன்னும் சத்தமாக, மறுபடியும் சொன்னாள்.